சாரின் எடைக்குப் போட்ட ஸ்பிரிங்

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பிகளே, தங்கச்சிகளே, எந்த எடைக்கு எந்த ஸ்பிரிங் என்று என்னிடம் கேட்காதீர்கள். அதெல்லாம் இப்போது உங்கள் போனிலேயே இருக்கிறது, தட்டினால் சொல்லிவிடும். நான் சொல்ல வந்தது அந்தப் பட்டியலில் இல்லாத ஒன்று. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். எனக்குப் பொறுமை என்பது பிறந்ததிலிருந்தே கிடையாது, அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

கிள்ளானில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த வொர்க்‌ஷாப்பில் இருபத்தெட்டு வருஷம் பைக்குகளின் சஸ்பென்ஷனை மட்டுமே பார்த்தவன் நான். வேலையை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. கை சும்மா இருந்தாலும் கண் சும்மா இருப்பதில்லை. சிக்னலில் நின்றால் முன்னால் நிற்கும் பைக்கின் பின்பக்கத்தைத்தான் பார்க்கிறேன். அது ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறி இரண்டு தடவை குதித்தால் என் கால் தானாக ஆடுகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என் மனைவி, "ரோட்டப் பாருங்க, அந்தாளு நல்லாத்தான் போறான்" என்று அதட்டுவாள்.

நம்ம வேலையில் சாஸ்திரம் கொஞ்சம்தான். பெரிய அட்வென்ச்சர் பைக், மூன்று பெட்டி கட்டி மலை தாண்டிப் போகிற வண்டி. கம்பெனி போட்டுக் கொடுக்கிற ஸ்பிரிங் யாரோ ஒரு நடுத்தர ஆளுக்கு. அதைக் கழற்றிவிட்டு, ஓட்டுகிறவரின் எடைக்கும் சுமைக்கும் தகுந்ததைப் போடுகிறோம். ஸ்பிரிங் மென்மையாக இருந்தால் வண்டி தரை தட்டும். கடினமாக இருந்தால் பின்சக்கரம் ரோட்டை விட்டு எழும்பும், வண்டியும் உயரமாக நிற்கும். மிச்சமெல்லாம் மனுஷனைப் படிக்கிற வேலை.

மனுஷன் எடையைப் பற்றி உண்மை பேசியதாகச் சரித்திரமே இல்லை. எண்பது கிலோ என்பார், தராசில் ஏற்றினால் தொண்ணூற்று நாலு. "காலையில நிறைய சாப்பிட்டேன் boss" என்பார். ஒருத்தர் பெட்டியில் இரண்டு சட்டைதான் என்று சத்தியம் பண்ணினார். திறந்து பார்த்தால் ரைஸ் குக்கரும் ஐந்து கிலோ அரிசியும். பத்து நாளைக்குத் தாய்லாந்துச் சோறு ஒத்துக்கொள்ளாதாம். அதனால் நான் யார் சொல்வதையும் நம்புவதில்லை. தராசு போட்டு, ஹெல்மெட், பூட்ஸ், பெட்டி எல்லாவற்றையும் ஏற்றித்தான் கணக்குப் பார்ப்பேன். என்னை ஒருத்தனும் ஏமாற்ற முடியாது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்த காலத்தில்தான் இது நடந்தது.

ஒரு நாள் மதியம் புருஷனும் பெண்சாதியுமாக ஒரு பெரிய பைக்கில் வந்தார்கள். நான் உள்ளே இன்னொரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன். எழுந்து கை துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது, புருஷன் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். நல்ல உயரம், நல்ல உடம்பு. கை கொடுத்தார், என் கை அதற்குள் காணாமல் போனது. அந்தம்மா கொஞ்சம் தள்ளி நின்று ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். குள்ளமான, ஒல்லியான உடம்பு. பிரிக்ஃபீல்ட்ஸில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், பெயர் கௌரி. அதெல்லாம் எனக்குப் பிற்பாடு, பில் எழுதும்போது சார் சொல்லித்தான் தெரியும்.

"எங்க சார் டிரிப்?" என்று கேட்டேன்.

"சுபாங் ஜெயா டாக்டர் குரூப்போட, பார்டர் தாண்டி பத்து நாள் boss. மூணு பாக்ஸும் ஃபுல்லா இருக்கும். மலை ரோடு வேற."

அந்தம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தது போல இருந்தது. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்து, எதிர்க் கடையிலிருந்து ஒரு தே ஓ ஐஸ், அதாவது பாலில்லாத ஐஸ் டீ, வரவழைத்துக் கொடுத்தேன். மரியாதை தெரிந்தவன் அல்லவா! பிறகு சாரைத் தராசில் ஏற்றினேன். தொண்ணூற்றாறு. பைக்கில் ஏற்றி, பின்பக்கம் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்தேன். பின்னால் உட்காரப் போகிற அம்மாவின் எடையைக் கேட்பது நாகரிகம் இல்லை என்று கண்ணாலேயே ஐம்பத்திரண்டு என்று போட்டுக்கொண்டேன். எல்லாவற்றையும் கூட்டி, அந்த வண்டிக்குக் கிடைக்கிறதிலேயே தடிமனான ஸ்பிரிங் வைத்த புது ஷாக் அப்சார்பரை எழுதி வைத்தேன், முன்பக்கத்தையும் அதற்குத் தகுந்தபடி இறுக்கக் குறித்துக்கொண்டேன்.

வேலை முடிந்து ஓட்டிப் பார்த்தபோது இன்னொன்றைக் கவனித்தேன். பிரேக் லிவரும் கிளட்ச் லிவரும் கைப்பிடிக்கு ரொம்பக் கிட்டத்தில், கடைசிப் புள்ளியில் வைக்கப்பட்டிருந்தன. அவ்வளவு பெரிய கைக்கு இதை எவன் இப்படி வைத்தான் என்று திட்டிக்கொண்டே, சாருக்கு வசதியாக இரண்டையும் வெளியே தள்ளி வைத்துக் கொடுத்தேன். அவர் கேட்கக்கூட இல்லை. என் பங்குக்கு ஒரு சேவை!

வியாழக்கிழமை சாயங்காலம் சார் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனார். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "பஞ்சு மாதிரி இருக்கு boss" என்றார். பஞ்சாகத்தான் இருக்கும், அவர் எடைக்குப் போட்டதாயிற்றே. ஆனாலும் வண்டி போனதிலிருந்து எனக்கு மனசுக்குள் ஒரே அரிப்பு. ஒரு நட்டை முறுக்கினோமா இல்லையா என்று சந்தேகம் வருமே, அந்த மாதிரி. எழுதி வைத்ததை எடுத்துப் பார்த்தேன், எல்லாம் சரி. வெள்ளிக்கிழமை முழுக்க எதையோ தேடுகிறவன் மாதிரி கடைக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தேன். எதைத் தேடுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கடை திறந்து, மேசைக்கு அடியில் கிடந்த அட்டைப் பெட்டியை நகர்த்தினேன். அதற்குப் பின்னால் ஒரு கிளவுஸ் கிடந்தது. வலது கை. சின்ன சைஸ். அந்தம்மாவுடையது, விட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்று மேசை மேல் போட்டேன். போட்டவன் திரும்ப எடுத்தேன். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தோல் தேய்ந்து வெளுத்திருந்தது. இரண்டு விரல் நுனி மட்டும் கருத்திருந்தது. பின்னால் உட்கார்ந்து போகிறவர் கிளவுஸ் அங்கே தேயாது. அது ஆக்ஸிலேட்டரைத் திருகி, பிரேக்கை இரண்டு விரலால் பிடித்துப் பிடித்துத் தேய்ந்த தேய்வு. வருஷக்கணக்கான தேய்வு.

லிவர் இரண்டும் ஏன் அவ்வளவு கிட்டத்தில் இருந்தன என்று அப்போதுதான் உறைத்தது. அடப்பாவி, அது அந்தம்மாவின் பைக். சார்தான் பின்னால் உட்கார்ந்து வந்திருக்கிறார்.

சாருக்குப் போன் அடித்தேன். அணைத்து வைத்திருந்தார். அந்தப் பயணக் குழுவின் தலைவர் எனக்குத் தெரிந்தவர், சுபாங் ஜெயாவில் பல் டாக்டர், அவர் வண்டியும் என் கைவேலைதான். அவருக்கு அடித்தேன். பின்னால் இருபது பைக் உறுமுகிற சத்தம்.

"டாக்டர், அந்தக் கண்ணாடிக் கடை அம்மாவோட பைக்க யாரு ஓட்டுறா?"

"அவங்கதான். புருஷன் வேலையா பிந்துலு போய்ட்டாரு. ஏன், உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் தெரியும்."

"காலையிலயே சாய்ச்சுட்டாங்க boss. செலாயாங் எண்ணெய் ஸ்டேஷன்ல நிக்கிறோம், இங்க பம்ப் பக்கத்துலயே டமால்னு. காலு எட்டல. ரெண்டு வருஷமா கேட்டுக் கேட்டு இந்த வாட்டிதான் சேத்துக்கிட்டோம், மொத நாளே இப்படி. ஒன்பதரைக்குக் கெளம்புறோம். மலை ரோட்டுல என்ன ஆகப்போகுதோ தெரியல லா."

"நான் வரேன் டாக்டர். கெளம்பிடாதீங்க."

"ஏன், என்ன ப்ராப்ளம்?"

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. "ஒண்ணுமில்ல, சின்னதா ஒரு செக்கிங்" என்றேன்.

கழற்றி வைத்திருந்த பழைய ஷாக்கைப் பையில் சுற்றி, கருவிகளோடு என் சின்ன பைக்கான கப்சாயின் முன் கூடையில் வைத்துக் கட்டினேன். எங்கள் தவுக்கே அப்போதுதான் தே தாரிக் டீப் பொட்டலத்தோடு வந்தார். என் வயசுக்காரர், கடைக்கு முதலாளி, எனக்கு முதலாளி மாதிரி நடந்துகொள்ளாதவர். விஷயத்தைச் சொன்னேன்.

"பத்து நாள்ல திரும்பி வருவாங்க. அப்ப சத்தமில்லாம மாத்திக் குடுத்துடலாம்லா. இருபது பேரு முன்னாடி போய் நின்னு தப்பா போட்டேன்னு சொல்லப் போறியா? அதுல பாதிப் பேரு நம்ம கஸ்டமரு."

"மலையில அந்தம்மா விழுந்தா?"

அவர் பொட்டலத்தைக் கீழே வைத்தார். "சரி, போ. ஆனா செக்கிங்னே சொல்லு. வாயத் தொறக்காத."

ஃபெடரல் ஹைவேயின் மோட்டார் லேனில் எவ்வளவு முறுக்கினாலும் கப்சாய் கப்சாய்தான். சுபாங் தாண்டும்போது மழை பிடித்தது. பாலத்தடியில் ஐம்பது பேர் ஒதுங்கி நின்றார்கள். நான் நிற்கவில்லை. கண்ணாடியில் தண்ணீர் வழிய, மனசு ஒரே கணக்காகப் போட்டுக்கொண்டிருந்தது. குவாலா குபு பாரு தாண்டினால் ஏற்றம். வளைவுக்கு வளைவு ஒட்டுப்போட்ட ரோடு, அதில் பின்சக்கரம் எழும்பும். எதிரில் லோரி வரும். பிரேக்கை எட்டிப் பிடிக்க விரல் போதாது. இதில் எல்லாமே என் கையால் செய்தது. முருகா, பத்துமலை தெரிகிற வரைக்கும் அவர்களை நிறுத்தி வை என்று வாய்விட்டே சொன்னேன்.

நிறுத்தி வைத்திருந்தார். ஒன்பது பத்துக்கு ஸ்டேஷனுக்குள் நுழைந்தேன். வரிசையாகப் பைக்குகள், மழை விட்டு ஆவி பறக்கிற தரை. கௌரியின் வண்டி ஒரு ஓரமாக நின்றது, இடது பெட்டியில் புதுச் சிராய்ப்பு. அந்தம்மா பக்கத்தில் நின்றார். இடது கையில் அந்தக் கிளவுஸின் ஜோடி. வலது கையில் தோட்ட வேலைக்குப் போடுகிற வெள்ளைத் துணிக் கிளவுஸ். முகத்தில் அழுகை இல்லை. அழக்கூடாது என்று பிடித்து வைத்த முகம்.

பல் டாக்டர் என் தோளில் கை போட்டார். "நல்ல வேள வந்தீங்க boss. நீங்களே சொல்லுங்க இவங்களுக்கு. இந்த பைக் இவங்க சைஸுக்கு ஆகாது, வீட்டுக்குப் போறதுதான் சேஃப்டின்னு. நாங்க சொன்னா தப்பா எடுத்துக்குவாங்க."

தம்பிகளே, தங்கச்சிகளே, இந்த இடத்தில்தான் நான் உங்களை நிறுத்தப் பார்க்கிறேன். நான் மழையில் நனைந்து ஓடி வந்தது, அந்தம்மா மலையில் விழக்கூடாது என்பதற்காக. இப்போது நான் ஒரே ஒரு தடவை தலையை ஆட்டினால் போதும். அந்தம்மா வீட்டுக்குப் போய்விடுவார், உயிருக்கு ஆபத்தில்லை. என் பேருக்கும் கடைக்கும் சேதாரம் இல்லை. தவுக்கேக்கும் சந்தோஷம். பத்து நாள் கழித்துச் சத்தமில்லாமல் ஸ்பிரிங்கை மாற்றிக் கொடுத்தால் கதை முடிந்தது. பொய்கூடச் சொல்ல வேண்டாம், தலையாட்டினால் போதும். எவ்வளவு வசதியாக அமைந்தது பாருங்கள்! வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் தலை ஆடத்தான் போனது.

அப்போது அந்தம்மா கேட்டார். "நானா அங்கிள் தப்புப் பண்றேன்? நாலு வருஷமா இத ஓட்டுறேன். காலையில இருந்து இது என் பைக் மாதிரியே இல்ல. அவருகிட்ட மெசேஜ்ல கேட்டா, புது சஸ்பென்ஷன் அப்படித்தான் இருக்கும், பழகிடும்னாரு."

என் சட்டைப் பையில் அந்தக் கிளவுஸ் இருந்தது. எடுத்து அவர் கையில் கொடுத்தேன். பிறகு திரும்பி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

"டாக்டர், பைக்க இவங்க சாய்க்கல. நான் சாய்ச்சேன். புருஷன்தான் ஓட்டுவாருன்னு நெனச்சு, அவரு எடைக்கும் இவங்க எடைக்கும் சேத்து ஸ்பிரிங் போட்டுட்டேன். லிவரையும் தள்ளி வச்சேன். யாரு ஓட்டுறதுன்னு நான் கேக்கவே இல்ல. இந்த வண்டியில இப்ப உங்கள்ல யாரு ஏறினாலும், தனியா ஓட்டினா விழுவீங்க."

யாரோ ஒருத்தர் சிரித்தார். "என்ன boss, ரைடர் யாருன்னே தெரியாம ஸ்பிரிங்கா?" என்றார் இன்னொருத்தர். பல் டாக்டர் என் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டு, தன் பைக்கை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அதில் நான் போட்ட ஸ்பிரிங் சரியா என்று யோசித்திருப்பார். மானம் போவது என்றால் சும்மா இல்லை, காது வரைக்கும் சுட்டது.

"எவ்ளோ நேரம் ஆகும்?" என்று கேட்டார் டாக்டர்.

"முக்கால் மணி."

"அர மணி. அதுக்கு மேல நிக்க முடியாது."

தரையில் உட்கார்ந்தேன். ஈரத்தில் ஸ்பேனர் வழுக்கியது. முதலில் சிரித்தவர்தான் குனிந்து வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்தார், அதையும் சொல்ல வேண்டும். கீழ் போல்ட் அசையவே இல்லை. நானே முறுக்கியது, எமன் முறுக்கு. பக்கத்தில் கௌரி குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கேட்கக் கேட்க ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தார். சைஸ் சொல்ல வேண்டியதே இல்லை, பார்த்தே எடுத்தார். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினார்.

"நீங்க கேக்கலன்னு சொன்னீங்க அங்கிள். ஆனா நான் சொன்னேன்."

நிமிர்ந்து பார்த்தேன்.

"அன்னைக்கு, சீட்டு ரொம்ப ஒசந்துடக் கூடாது, எனக்குக் காலு எட்டணும்னு ஆரம்பிச்சேன். நீங்க, 'ஒரு நிமிஷம்மா, சார் பேசி முடிக்கட்டும்'னு சொல்லிட்டு நாற்காலி போட்டீங்க. அவரும் பேசி முடிச்சாரு. அப்புறம் நீங்க என் பக்கம் திரும்பவே இல்ல."

அப்படிச் சொன்னதாக எனக்குச் சுத்தமாக நினைவில்லை. இருபது பேர் முன்னால் சொன்னதைவிட இது வலித்தது. கேட்க மறந்தேன் என்று பெருமையாக ஒப்புக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், மறதியே இல்லை அது. அவர் சொல்லியிருக்கிறார், நான் தே ஓ ஐஸ் கொடுத்து வாயை அடைத்திருக்கிறேன். "மன்னிச்சிடும்மா" என்றேன். அவர் அடுத்த ஸ்பேனரை நீட்டினார்.

போல்ட் ஒரு வழியாகக் கழன்றது. பழைய ஷாக்கை மாட்டினேன், முன்பக்கத்தைத் தளர்த்தினேன், லிவர் இரண்டையும் கிட்டத்தில் கொண்டுவந்தேன். முப்பத்தைந்து நிமிஷம் ஆகியிருந்தது. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார், ஆனால் ஸ்டார்ட் பண்ணவில்லை. கௌரி ஏறி உட்கார்ந்தார். இரண்டு காலும் தரையில் பதிந்தன. ஸ்டேஷனை இரண்டு சுற்றுச் சுற்றி, வாசலில் இருந்த பம்பர் மேட்டில் வேண்டுமென்றே வேகமாக ஏற்றி இறக்கினார். பின்பக்கம் ஒரு தடவை அமுங்கி எழுந்து அப்படியே நின்றது. ஹெல்மெட்டுக்குள் பல் தெரிந்தது. வலது கையில் தன் சொந்தக் கிளவுஸோடு, இருபது பைக்குக்கு நடுவில் போனார். கடைசியில் இல்லை, நடுவில்.

நான் அங்கேயே நின்றேன். பத்து நாளும் நின்ற மாதிரிதான். போன் அடித்தால் ஓடிப்போய் எடுப்பேன். மலை ரோட்டில் விபத்து என்று வாட்ஸ்அப்பில் எந்தப் படம் வந்தாலும் பைக்கின் நிறத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பேன். தவுக்கே ஒரு மாசம் எனக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த இருபது பேரில் நாலு பேர் அப்புறம் எங்கள் கடைப் பக்கமே வரவில்லை. உண்மை சொன்னால் எல்லாம் நல்லபடி முடியும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். நாலு பேர் போவார்கள், போகட்டும்.

பதினோராவது நாள் பைக் கடை வாசலில் வந்து நின்றது. சேறு பூசிக்கொண்டு, மூன்று பெட்டியும் முழுசாக. முன்னால் கௌரி, பின்னால் பிந்துலுவிலிருந்து திரும்பிய சார். இறங்கியதும் சார் வழக்கம் போல முன்னால் வந்தார்.

"Boss, நீங்க ஏறச் சொன்னீங்க, நான் ஏறினேன். ரெண்டு பேரையும் ஏத்திப் பாப்பீங்கன்னு நெனச்சேன். சரி விடுங்க, இப்ப என்ன பண்ணலாம்னா, அந்த ஸ்பிரிங்க..."

"ஒரு நிமிஷம் சார்" என்றேன். "அம்மா பேசி முடிக்கட்டும்."

கௌரி என்னைப் பார்த்தார். ஹெல்மெட்டைக் கழற்றி மேசை மேல் வைத்தார். தாமே போய்த் தராசில் ஏறி, நாற்பத்தொன்பது என்று சத்தமாகப் படித்தார். நான் கண்ணால் போட்ட எடையும் தப்பு. பிறகு ஆரம்பித்தார். எந்த வளைவில் முன்பக்கம் தாழ்ந்தது, எந்தச் செம்மண் ரோட்டில் பின்பக்கம் தட்டியது, சீட்டு எத்தனை விரல் உயரம் வரைக்கும் தாங்கும் என்று முக்கால் மணி நேரம் பேசினார். நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் எழுதிக்கொண்டேன். என் ஆயுசில் அவ்வளவு நேரம் அசையாமல் நின்றது அன்றைக்குத்தான்.

சாருக்கு நாற்காலி போட்டு, தே ஓ ஐஸ் வாங்கிக் கொடுத்திருந்தேன்.